மூதூர்க் கத்தரிக்காய் ஏன் தம்புள்ளை போய் வருகிறது? திருகோணமலையில் நேரடியாக மரக்கறி வாங்குவதன் கணக்கு

கத்தரிக்காய்க்கு விலை இல்லை, பறிகூலிக்கே கட்டாது என்று தோட்டக்காரர் சொல்கிறார். மரக்கறி தொட முடியாத விலை என்று நகரத்தில் சமைப்பவர் சொல்கிறார். இரண்டும் ஒரே கிழமைச் செய்தியில் வரும். ஒருவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான்.

இதற்கு எல்லோரிடமும் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: நடுவில் நிற்பவர்கள் அடிக்கிறார்கள். ஒரு பரிகாரமும் இருக்கிறது: தோட்டத்திலேயே போய் வாங்குங்கள், வீதியோரக் கொட்டிலில் வாங்குங்கள். விளக்கத்தில் பாதி உண்மை உண்டு, பரிகாரத்திலும் அப்படித்தான். மீதிப் பாதி எங்கே என்று தெரிந்தால் எதை நேரடியாக வாங்குவது, எப்போது வாங்குவது, எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று நாமே முடிவெடுக்கலாம்.

## முதலில் சில சொற்கள்

1. தோட்ட விலை: பயிர் செய்தவரின் கையில் விழும் காசு. அதிலிருந்துதான் விதை, உரம், மருந்து, தண்ணீர்ப் பம்பிக்கு எண்ணெய், பறிகூலி எல்லாம் போக வேண்டும்.

2. மொத்த விலை: தம்புள்ளை போன்ற பொருளாதார மத்திய நிலையத்தில் மூடைக்கணக்கில் கைமாறும் விலை. பத்திரிகையில் "இன்றைய மரக்கறி விலை" என்று வருவது அநேகமாக இதுதான். மத்திய வங்கி நாளாந்தம் வெளியிடும் விலை அறிக்கையிலும் புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி விலைகளைப் பார்க்கலாம்.

3. சில்லறை விலை: நாம் கொடுப்பது.

4. கழிவு, விரயம்: இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு வருகிறது. கழிவு என்பது வாங்குபவர் நிறையில் வெட்டிக்கொள்வது. யாழ்ப்பாணச் சந்தைகளில் 10 வீதக் கழிவு எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் பல ஆண்டு குரல் கொடுத்தது இதைப் பற்றித்தான். விரயம் என்பது உண்மையிலேயே அழுகி, நசிந்து, வாடிப் போவது. இலங்கையில் அறுவடைக்குப் பிறகு பழம், மரக்கறியில் 30 முதல் 40 வீதம் வரை இப்படிப் போகிறது என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

5. நேரடி விற்பனை: பயிர் செய்தவரிடம் இருந்து, அல்லது அவர் வீட்டாரிடம் இருந்து, உண்பவர் வாங்குவது. தோட்ட வாசலாக இருக்கலாம், வீதியோரக் கொட்டிலாக இருக்கலாம், வாரச் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவாகவும் இருக்கலாம்.

## இந்த மாவட்டத்தில் எது, எங்கே, எப்போது

திருகோணமலை உலர் வலயம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. கேட்க நல்ல அளவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மே தொடக்கம் கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக வீசும். காலையில் நிமிர்ந்து நிற்கும் கீரை பத்து மணிக்குத் தலை சாய்ந்துவிடும்.

மண்ணும் இடத்துக்கிடம் வேறு. சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே போகும் கரையோரம் மணல் நிலம். கிணற்று நீரில் சின்ன வெங்காயம், மிளகாய், கத்தரி, கீரை. தெற்கே மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கம் மூதூர், கிண்ணியா, சேருவில. அங்கே வண்டல் மண், அல்லைத் திட்டத்தின் பாசன நீர். உள்ளே தம்பலகாமமும் கந்தளாயும். கந்தளாய்க் குளத்தை நம்பி நெல், நெல்லுக்கு ஒட்டி மரக்கறி.

இதிலிருந்து ஒரு காலக்கணக்கு வருகிறது. நேரடியாக வாங்க நினைப்பவருக்கு இன்றைய விலையைத் தெரிந்துகொள்வதைவிட இதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

- மாரி மழை ஓய்ந்து, தைப்பொங்கல் கழிந்து, மாசி பங்குனி வரை உள்ளூர் மரக்கறி நிறைந்து வழியும் காலம். மழையை நம்பி மேட்டு நிலத்தில் போட்ட பூசணி, சோளன், கச்சான் (நிலக்கடலை), பயறு இந்த நாட்களில்தான் வரும். வெண்டி, கத்தரி, பயற்றங்காய் எல்லாம் சேர்ந்தே வரும், விலையும் சேர்ந்தே விழும்.
- சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விலை ஏறும். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தேசிக்காய், வத்தகப்பழம் போன்றவற்றின் தேவை கூடும்.
- வைகாசி முதல் ஆவணி வரை கிணறும் வாய்க்காலும் இருப்பவர்தான் மரக்கறி வைத்திருப்பார். வகை குறையும். விலையில் தண்ணீர் இறைத்த எண்ணெய்ச் செலவும் இருக்கும்.
- கார்த்திகை, மார்கழி இடைவெளி. பழைய பயிர் மழையில் முடிந்திருக்கும், புதியது பூத்திருக்காது. இந்த இரண்டு மாதத்திலும் "உள்ளூர்" என்று சொல்லிக் குவித்து வைத்திருப்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒன்று கவனியுங்கள். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, பீற்றூட், உருளைக்கிழங்கு எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை மலைநாட்டில் இருந்தோ, வேறு மாவட்டத்தில் இருந்தோ, கப்பலிலோதான் வர வேண்டும். அடுத்த கேள்விக்கான விடை பாதி இதற்குள் இருக்கிறது.

## பிறகு ஏன் தம்புள்ளை?

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999 இல் திறக்கப்பட்டது. திருகோணமலையில் இருந்து ஏ 6 வீதியில் கந்தளாய், ஹபரணை வழியாகச் சுமார் 110 கிலோமீற்றர். மூதூரில் பறித்த கத்தரிக்காய் அங்கே போய், மறுநாள் திருகோணமலைச் சந்தைக்குத் திரும்பி வந்தால் 200 கிலோமீற்றருக்கு மேல் சுற்றிவிடுகிறது. கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரை மூதூர் கண்ணுக்கே தெரிகிறது. இது பைத்தியக்காரத்தனம் என்றுதான் யாருக்கும் படும். ஆனால் இதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நியாயமான காரணம் இருக்கிறது.

1. கடைக்காரரின் காரணம். வீட்டுக்காரர் கடைக்கு வந்தால் கத்தரிக்காயோடு கரட்டும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் கேட்பார். அவற்றுக்காக லொறி எப்படியும் தம்புள்ளை போகத்தான் வேண்டும். போன லொறியில் கத்தரிக்காயையும் ஏற்றிக்கொண்டு வருவது, ஐந்து தோட்டம் ஏறி இறங்குவதைவிட எளிது. நாம் வருடம் முழுக்கக் கரட் கேட்பதுதான் உள்ளூர்க் கத்தரிக்காயையும் தம்புள்ளைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இந்தக் கண்ணியை நாம் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதற் காரணமாகப் படுகிறது.

2. தோட்டக்காரரின் காரணம். ஒரு ஏக்கர் கத்தரி காய்க்கத் தொடங்கினால் ஒரே பறிப்பில் நூற்றுக்கணக்கான கிலோ வரும். மூன்று நான்கு நாளில் மறுபடி வரும். அவ்வளவையும் கொட்டிலில் கிலோ கிலோவாக விற்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. தம்புள்ளையில் ஒரே இரவில் எல்லாம் போய்விடும், குறைந்த விலைக்குப் போனாலும்.

3. முற்பணம். விதைக்கவும் உரம் வாங்கவும் காசு கொடுத்தவருக்கே விளைச்சலைக் கொடுப்பதாகப் பேச்சு இருக்கும். வங்கி தராத கடனை வியாபாரி தருகிறார். அந்தக் கடனுக்கு வட்டி என்று தனியாக எழுதுவதில்லை, விலையில் கழிந்துவிடும். இப்படிக் கட்டுப்பட்டவரிடம் போய் "எனக்கு நேரடியாகத் தாருங்கள்" என்று கேட்டால் அவரால் தர முடியாது. தர மனமில்லாதவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது.

4. விலை தெரியும் இடம். ஒரு பொருளுக்கு இன்று என்ன விலை என்று நாடு முழுக்கப் பார்ப்பது அங்கேதான். குச்சவெளித் தோட்டக்காரர் வாசலில் விற்றாலும், காலையில் தம்புள்ளைக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்.

வீதிகளின் கதையும் இதற்குள் வருகிறது. 2009 வரை கிண்ணியா போக வேண்டுமென்றால் மிதவைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். மூதூருக்குப் படகு. அந்த ஆண்டு கிண்ணியாப் பாலம் திறந்தது. அதை அடுத்து மட்டக்களப்பு வீதியின் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. மூதூர் மரக்கறி படகில்லாமல் வீதியாலேயே நகரத்துக்கு வந்து சேரும் நிலை அப்போதுதான் உண்டானது. அதே பாலத்தின் மேல்தான் தம்புள்ளை லொறியும் மூதூர்த் தோட்டத்துக்கு வந்தது.

## நூறு கிலோவின் கணக்கு

நடுவில் காசு எங்கே போகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள விலைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த நாளின் சந்தை விலையும் அல்ல.

1. தோட்டத்தில் 100 கிலோ கத்தரிக்காய், கிலோ 100 ரூபாய். தோட்டக்காரருக்கு 10,000.
2. தம்புள்ளைக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் சேர்ந்து அங்கே கைமாறும்போது கிலோ 120. மொத்தம் 12,000.
3. திருகோணமலைக்குத் திரும்பக் கொண்டுவர லொறிக் கூலி, மூடை தூக்கும் நாட்டாமைக் கூலி 1,000. கடைவாசலில் 13,000.
4. சாக்கில் அமுங்கியது, புழு தெரிந்தது, இரண்டாம் நாள் வாடியது என்று 15 கிலோ போகிறது. விற்க இருப்பது 85 கிலோ.
5. 13,000 ரூபாயை 85 கிலோவில் எடுக்க வேண்டும். கிலோவுக்கு ஏறத்தாழ 153 ரூபாய் வந்தால்தான் போட்ட முதலே திரும்பும்.
6. கடை வாடகை, மின்சாரம், கையாள் சம்பளம், அவருடைய வருமானம் சேர்த்து 180 க்கு விற்கிறார்.

தோட்டத்தில் 100, நம் கையில் 180. இடைவெளி 80 ரூபாய். விரயமே இல்லையென்றால் கடைக்காரரின் அடக்கவிலை 130. விரயத்தால் அது 153. அதாவது 80 இல் 23 ரூபாய் யாருடைய பையிலும் போகவில்லை. யாரும் தின்னாத கத்தரிக்காய்க்கு நாம் கொடுத்த காசு அது.

நேரடி விற்பனையின் உண்மையான லாபம் எங்கே என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. இடைத்தரகரை விரட்டியதால் வருவது ஒரு பங்கு. 200 கிலோமீற்றர் ஓட்டமும் அந்த ஓட்டத்தில் வரும் விரயமும் இல்லாமல் போவது பெரிய பங்கு. தோட்ட வாசலில் 130 கொடுத்தால் தோட்டக்காரருக்கு 30 கூட, நமக்கு 50 மிச்சம். இருவரும் பிழைக்கிறார்கள். ஆனால் வாசலில் நின்று "தம்புள்ளைக்கு அனுப்பினால் உங்கள் கையில் 100 தானே, 90 க்குத் தாருங்கள்" என்று பேரம் பேசினால் அந்த மனிதர் நமக்கு விற்க எந்தக் காரணமும் இல்லை. நூறு பேருக்குச் சில்லறையாக நிறுக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது, அந்த வேலைக்கும் கூலி உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. நகரத்தில் இருந்து நிலாவெளிக்கு மோட்டார் சைக்கிளில் போய் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கி வந்தால் மிச்சம் பிடித்த 100 ரூபாய் பெற்றோலுக்குப் போய்விடும். நாலு வீட்டார் சேர்ந்து கிழமைக்கு ஒரு தரம் ஒருவரை அனுப்பினால் கணக்குத் திரும்பும். வேலைக்கோ கோயிலுக்கோ அந்தப் பக்கம் போகிற வழியில் வாங்கினாலும் சரி.

விரயத்தைக் குறைக்க அரசாங்கம் முயலாமல் இல்லை. மரக்கறியைச் சாக்கில் அமுக்காமல் பிளாஸ்டிக் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று 2011 இறுதியில் கட்டாயமாக்கப் பார்த்தது. லொறியில் ஏறும் அளவு குறைகிறது, வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரச் செலவு என்று வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள், அது அப்படியே தளர்ந்து போனது. இன்றும் தக்காளி பெரும்பாலும் மரப்பெட்டியிலும் சாக்கிலும்தான் பயணம் செய்கிறது.

## பறித்த பிறகு காய்க்கு என்ன நடக்கிறது

பறித்த காயும் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தன்னிடம் இருக்கும் சீனியையும் சத்தையும் எரிக்கிறது, நீரை இழக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் இந்த மூச்சு இரண்டு மடங்கு, சிலவேளை மூன்று மடங்கு வேகமாகும். கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலில் நின்ற லொறிக்குள் ஒரு பகல் என்பது, நிழலில் இரண்டு மூன்று நாளுக்குச் சமம்.

எல்லாக் காய்க்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. நேரடியாக வாங்க மினக்கெடுவது எதற்குத் தகும், எதற்குத் தகாது என்பதை இதை வைத்தே பிரிக்கலாம்.

1. கட்டாயம் தகும்: கீரை வகை, வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, வெண்டி, பயற்றங்காய், பச்சைச் சோளன். சோளன் பறித்த கணத்தில் இருந்தே அதன் சீனி மாவாக மாறத் தொடங்கும். காலையில் பறித்ததை மத்தியானம் அவித்தால் இருக்கும் இனிப்பு மறுநாள் இருக்காது.

2. மிகவும் தகும், ஆனால் யாரும் நினைப்பதில்லை: மரவள்ளிக்கிழங்கு. கிளறிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீல நரம்பு ஓடிவிடும். நிலத்துக்குள் விட்டால் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே கேட்ட பிறகு கிளறித் தரும் தோட்டம்தான் இதற்குச் சரியான கடை.

3. பரவாயில்லை: கத்தரி, பாகல், புடோல், தக்காளி. இரண்டு நாள் தாங்கும்.

4. அவசரமே இல்லை: காய்ந்த சின்ன வெங்காயம், காம்போடு முற்றிய பூசணி, கச்சான். இவற்றை நேரடியாக வாங்கினால் லாபம் விலையில்தான், புதுமையில் அல்ல. விலை விழுந்த மாசி பங்குனியில் மொத்தமாக வாங்கிக் கட்டித் தொங்கவிடலாம். ஆனால் வெங்காயம் தாள் நன்றாக வாடி, கழுத்து இறுகிக் காய்ந்திருக்க வேண்டும். நேற்றுக் கிளறிய ஈர வெங்காயம் மலிவாகக் கிடைத்தாலும் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்யும் பிழைகளும் உண்டு. கத்தரி, வெண்டி, பழுக்காத தக்காளி வெப்ப நாட்டுக் காய்கள். குளிர்சாதனப் பெட்டியின் அடிக்குளிரில் அவற்றுக்குக் காயம் ஏற்பட்டு, தோல் குழிந்து, விதை கறுக்கும். நிழலில், காற்றோட்டமாக வைத்து இரண்டு நாளில் சமைத்துவிடுவது நல்லது. வாழைப்பழம், மாம்பழம், பப்பாசி, பழுத்த தக்காளி எல்லாம் எதிலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்தில் இருக்கும் கீரையை மஞ்சளாக்கும். ஒரே கூடையில் போடாதீர்கள்.

## கொட்டில்காரர் தோட்டக்காரரா?

வீதியோரத்தில் ஓலைக் கொட்டில் இருப்பதால் மட்டும் அது தோட்டக் கடை ஆகிவிடாது. சந்தையில் மூடையாக வாங்கி வீதியில் சில்லறையாக விற்பவரும் கொட்டில்தான் போடுவார். அதில் தப்பு எதுவும் இல்லை, அதுவும் ஒரு பிழைப்பு. ஆனால் அந்தக் காய் தம்புள்ளை போய் வந்ததாக இருக்கலாம், அதற்குத் தோட்டத்துப் புதுமையை எதிர்பார்க்க முடியாது.

தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. கரட்டும் லீக்ஸும் அடுக்கியிருந்தால் தம்புள்ளைதான். தோட்டக்காரரிடம் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வகைதான் இருக்கும். காய்கள் ஒரே அளவில் இருக்காது, ஏனென்றால் தரம் பிரித்த ஆள் யாரும் இல்லை. காம்பு வெட்டிய இடம் பச்சையாக ஈரமாக இருக்கும். வெண்டியின் நுனியை ஒடித்தால் சடக்கென்று முறியும். பயற்றங்காய் வளைந்து கொடுத்தால் பழசு. இவை எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி போதும்: "அடுத்த பறிப்பு எப்போது?" பயிர் செய்தவர் நாளைச் சொல்வார். வாங்கி விற்பவர் "எப்பவும் இருக்கும்" என்பார்.

## "மருந்தடிக்காதது" என்றால்

இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம், ஏமாற்றமும் அதிகம். உள்ளூர் என்பது தூரத்தைச் சொல்லும் சொல். மருந்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டதும், விளைச்சல் விழுந்ததும், நவம்பரில் தடை விலக்கப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு "சேதனம்" (இரசாயனம் சேராதது) என்ற சொல்லே சிலருக்குக் கசந்துவிட்டது. வேறு சிலர் அதையே விளம்பரமாக எழுதி வைக்கிறார்கள். எழுதியதை நம்புவதைவிடப் பயிரின் இயல்பைப் பார்ப்பது பாதுகாப்பானது.

பூச்சிமருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டில், அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையில் இத்தனை நாள் விட வேண்டும் என்று இருக்கும். மருந்தைப் பொறுத்து 7 நாள், 14 நாள் என்று மாறும். இப்போது யோசித்துப் பாருங்கள். கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல் ஆகியவற்றை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும், விட்டால் முற்றிவிடும். கத்தரியில் தண்டும் காயும் துளைக்கும் புழு விடாமல் வரும். 14 நாள் இடைவெளி விட்டால் மூன்று பறிப்புப் போகும். ஆகவே இந்த இடைவெளி மீறப்படும் அபாயம் அடிக்கடி பறிக்கும் காய்களில்தான் கூட. ஒரே தரம் அறுவடை செய்யும் வெங்காயம், கிழங்கு, பூசணியிலும், பூச்சி அதிகம் தொடாத முருங்கையிலும் குறைவு.

மேலோட்டமாகப் படிந்த மருந்து ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து எந்த உப்புத் தண்ணீருக்கும் போகாது. ஆகவே கழுவுவதோடு நிற்காமல் கேட்கவும் வேண்டும். கடைசியாக எப்போது அடித்தீர்கள், என்ன அடித்தீர்கள் என்று. சந்தைக் கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவரே இருக்க மாட்டார். தோட்ட வாசலில் இருப்பார். நேரடி வாங்கலில் எனக்குப் பெரிதாகப் படுவது விலையைவிட இந்த ஒன்றுதான். புழு துளைத்த நாலு காயைச் சேர்த்து எடுத்துக்கொள்ள நாம் தயாராக இருந்தால் மட்டுமே அவரால் மருந்தைக் குறைக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுத்தில் உறுதி வேண்டுமென்றால் விவசாயத் திணைக்களம் நல்ல விவசாய நடைமுறைக்கான சான்றிதழ் கொடுக்கிறது. அது மருந்தே இல்லை என்ற சான்று அல்ல. அளவோடு, இடைவெளி விட்டு, பதிவு வைத்துப் பயிர் செய்தார் என்ற சான்று. பயிர் பற்றிய சந்தேகத்துக்குத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழைக்கலாம்.

## தராசும் துண்டும்

சுருக்கமாக: வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசும் படிக்கற்களும் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டலகுகள் சட்டம் அது. விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். சாக்கு விரித்து நாலு கூறு கீரை விற்கும் பாட்டியிடம் பற்றுச்சீட்டுக் கேட்டு நிற்பதற்காக இதைச் சொல்லவில்லை. கூறு, கட்டு என்று வாங்கும்போது அதன் நிறையைக் கையால் தூக்கிப் பார்த்து, சந்தைக் கிலோ விலையோடு மனதில் ஒப்பிட்டால் போதும்.

## விநியோகம் அறுந்தால்

2022 இல் டீசல் இல்லாமல் லொறிகள் நின்றன. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மண்சரிவில் மலைநாட்டு வீதிகள் அறுந்தன. கரட், போஞ்சி, லீக்ஸ் வரவு சுருங்கியது.

இப்படியான நேரத்தில் உள்ளூர்த் தோட்டம் கைகொடுக்கும் என்பது பொது நம்பிக்கை. 2022 இல் அது ஓரளவு சரி, ஏனென்றால் இல்லாமல் போனது எண்ணெய்தான், நிலத்தில் காய் இருந்தது. டித்வாவில் அப்படி இல்லை. மகாவலி பெருகி மூதூர், சேருவில, வெருகல் பக்கமும் வெள்ளத்தில் கிடந்தன. அதுவும் கார்த்திகை, உள்ளூரில் எப்படியும் காய் குறைந்த மாதம். இரண்டு வழியும் ஒரே நாளில் அடைபட்டன.

ஆகவே மழைக்கால இடைவெளிக்கான ஏற்பாடு மழை இல்லாத மாதத்தில் நடக்க வேண்டியது. சின்ன வெங்காயத்தைத் தாளோடு கட்டி அடுப்படிக் கூரையில் தொங்கவிடுவது, வத்தல் போடுவது, மிளகாயைக் காயவைப்பது, வேலியில் இரண்டு முருங்கைக் கம்பு நடுவது எல்லாம் இந்தக் கரையோரத்து வீடுகளில் இருந்த பழக்கம்தான். நேரடியாக வாங்குவோர் இதில் ஒன்று சேர்க்கலாம்: தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் புரட்டாசியிலேயே பேசி, மேட்டில் நிற்கும் இரண்டு வரி மரவள்ளியை முற்பணம் கொடுத்து நமக்கென்று நிறுத்திவைப்பது. வியாபாரி கொடுக்கும் அதே முற்பணம்தான். கிழங்கு தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தில் இருக்க வேண்டும், பள்ளத்தில் என்றால் வெள்ளம் வரும்போது அழுகிவிடும் என்பதை மட்டும் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.